மாதம் ஒரு டப்பா காம்பவுண்டு

கடைக் கவுண்டரில் புதிதாக நிற்க வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நான் கடையை விட்டு வந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. நீங்கள் இப்போது விற்கிற சாமான்களில் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியாது. போன முறை வந்தபோது உங்களில் ஒருவர் ஒரு வாடிக்கையாளருக்கு, கார் பாலிஷ் மிஷினில் மாட்டுகிற நுரைப் பஞ்சு வட்டுகளை நிறம் நிறமாக எடுத்துப் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். எந்த நிறம் எதற்கு, எது முதலில், எது கடைசியில் என்று பிசிறில்லாமல் சொன்னார். ஆனால் எதிரே நிற்கிற ஆளை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வட்டுகளையே பார்த்துப் பேசி, வட்டுகளுக்கே விற்று முடித்தார். அதைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன். கிழவன் புலம்புகிறான் என்று நினைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அறுபதுகளின் கடைசியில் நான் பாண்டி பஜார் பக்கம் நம் கடையில் சேர்ந்தபோது, காரைப் பளபளப்பாக்கும் சாமான்களுக்கென்று பாதி அலமாரிதான் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு விதமான டப்பாக்கள். ஒன்று காம்பவுண்டு. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறக்கும். அது பெயிண்டின் மங்கிய மேல்தோலைச் சீவி எடுத்துவிட்டு அடியில் இருக்கிற பளபளப்பைக் காட்டும். இன்னொன்று மெழுகு. அது எதையும் சீவாது, மேலே உட்கார்ந்து காவல் காக்கும். அப்புறம் தேய்க்கிறதுக்குப் பழைய பனியன் துணி, துடைக்கிறதுக்கு ஃபிளானல், கடைசிக் கைக்கு மல் துணி. அவ்வளவுதான் கடை. வீட்டிலேயே காரைத் தேய்த்துக்கொள்கிறவர் இதில் எதை எப்போது கையில் எடுக்கிறார் என்பதில்தான் அந்தக் காரின் ஆயுள் இருந்தது. காம்பவுண்டு வருடத்துக்கு ஒரு தடவை போட்டாலே அதிகம். மெழுகை மாதா மாதம் போடலாம். இதை மாற்றிச் செய்கிறவர் காரில், பெயிண்ட் தேய்ந்து அடியில் இருக்கும் சிவப்பு பிரைமர் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

இவற்றோடு, கண்ணாடிப் பெட்டிக்குள் மின்சார பாலிஷ் மிஷின்கள் இரண்டு இருந்தன. சுழலும் தட்டில் ஆட்டு ரோமத் தொப்பி மாட்டியவை. எங்கள் முதலாளி பம்பாயிலிருந்து ஆசையாக வரவழைத்தவை. திருநெல்வேலிக்காரரான அவரைக் கடையில் எல்லோரும் அண்ணாச்சி என்போம். ஒரு மிஷினை அவருடைய ஊர்க்காரரான ஜவுளிக்கடை முதலாளி வாங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தம் புது ஃபியட் காரின் மேல் அதை வைத்து ஓடவிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரரிடம் அரசியல் பேசியிருக்கிறார். மிஷின் இருந்த இடத்திலேயே சுற்றியிருக்கிறது. கருகிய வாசனை வந்து திரும்பிப் பார்த்தால் பானெட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் தெரிந்திருக்கிறது.

மறுநாள் கடைக்கு வந்து, "என்னவே மிஷினு இது, பெயிண்டத் திங்குது?" என்று சண்டை பிடித்தார்.

"நீரு அங்க வாயத் தொறந்து வச்சிருந்தீரு, அது இங்க வாயத் தொறந்திருக்கு. அதுமேல என்ன குத்தம்?" என்றார் அண்ணாச்சி.

கைக்கு வலி உண்டு, வலித்தால் நின்றுவிடும். மிஷினுக்கு அந்த நல்ல குணம் கிடையாது. மிஷின் கேட்டு வருகிறவரிடம் இந்த ஒன்றைச் சொல்லிவிட்டு விற்றால் போதும். சிரிக்கிறவர்கள் இங்கேயே சிரித்து முடித்துவிடுங்கள். மேற்கொண்டு சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றும் கிடையாது.

மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டர் வீட்டில் ஏழுமலை என்று ஒரு டிரைவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கோட்டூர் பக்கம் ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து விடிவதற்குள் கிளம்பி நடந்தே வந்துவிடுவார். காக்கிச் சட்டையின் மடிப்பு சாயங்காலம் வரை கலையாது. வீட்டுக் கார் கறுப்பு அம்பாசிடர். ஆடிட்டர் பாதி நாள் வெளியூர் கேம்பில் இருப்பார். அதனால் அந்தக் காரில் தினமும் போய் வந்தது அவருடைய ஒரே பெண் குழந்தைதான். காலையில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் அழைத்து வருவதும் ஏழுமலையின் வேலை.

அந்தக் காலத்தில் ஒரு டிரைவரை வீட்டுக்காரர்கள் எடைபோட்ட விதம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் எப்படிக் கியர் மாற்றுகிறார், எங்கே பிரேக் போடுகிறார் என்பதெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அவருக்கு எதிரே தெரிவது பானெட்டின் பளபளப்பு. வாசலில் வந்து நிற்கிற காரில் முகம் தெரிந்தால் டிரைவர் யோக்கியன். தூசி இருந்தால் சோம்பேறி. கல்யாண மண்டபங்களின் வெளியே டிரைவர்கள் கும்பலாக நின்று ஒருவர் காரை ஒருவர் பார்ப்பதும் இதற்காகத்தான். கார் தேய்ப்பது டிரைவரின் சம்பளத்தில் சேர்ந்த வேலை என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் தேய்க்காத டிரைவர் எந்த வீட்டிலும் நிலைத்ததில்லை.

ஏழுமலை நன்றாகத் தேய்க்கிறவர். துணியைக் கையில் எடுத்துப் பார்க்க மாட்டார், கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். சொரசொரவென்று ஒரு நூல் பட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். டப்பாவில் ஒட்டியிருக்கும் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்து, "இது போன வருசத்து சரக்கு நைனா, என் தலைல கட்றியா?" என்று என்னை வம்புக்கு இழுப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் வந்தால் கடையில் கொஞ்ச நேரம் கலகலப்பாக இருக்கும்.

அப்படிப்பட்டவர் ஒரு வருடம் வழக்கத்துக்கு மாறாக அடிக்கடி வர ஆரம்பித்தார். ஒவ்வொரு மாதமும் ஒரு டப்பா காம்பவுண்டு. மெழுகு எப்போதும் போலத்தான், கூடியது காம்பவுண்டு.

"அண்ணே, இவ்வளவு காம்பவுண்டு போட்டா பெயிண்ட் தாங்காதுண்ணே. உங்களுக்குத் தெரியாததா?" என்று கேட்டேன்.

"இன்னா பண்றது நைனா. அய்யாவுக்கு வண்டி கண்ணாடி மாரி இருக்கணும். சும்மா மெழுகு பூசுனா மினுக்குது, ஜொலிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் கிளம்பும்போது வெளியே வந்து காரைப் பார்த்தேன். வெயிலில் கதவும் பானெட்டும் கண்ணைக் கூச வைத்தன. ஆனால் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் ஓரத்திலும், கைப்பிடிக்கு அடியிலும், பின்னால் கார் பெயர் எழுதியிருந்த எழுத்துகளின் இடுக்கிலும் காய்ந்துபோன மெழுகு வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. கறுப்புக் காரில் இது தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரியும். தன் காரில் ஒரு விரல் ரேகை இருந்தாலும் பதறுகிற மனிதர் இதை எப்படி விட்டார் என்று புரியவில்லை. வயதாகிவிட்டது, அவசரம் என்று நானாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் காலை அந்த வீட்டு மாமியே ஏழுமலையோடு கடைக்கு வந்தார். நாற்பது வயது இருக்காது. அமைதியான, நல்ல மனதுள்ள பெண்மணி. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே வந்திருந்தார்கள்.

"ஏழுமலை பாவம், பொழுதன்னிக்கும் கை ஒடியத் தேய்ச்சிண்டே இருக்கார். எங்காத்துல அவர் வந்து இத்தனை வருஷத்துல இப்படி ஒரு நாளும் பாத்ததில்லை. மிஷின் ஒண்ணு வந்திருக்காமே, அதை அவருக்கு வாங்கிக் குடுக்கலாம்னு வந்தேன்" என்றார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மிச்சமிருந்த அந்த ஒரு மிஷின் எப்போது போகும் என்று தவம் கிடந்த அண்ணாச்சி, பெட்டியைத் திறக்கத் தானே எழுந்துவிட்டார். நான் அதற்குள் ஏழுமலையின் வழக்கமான சாமானை எடுத்து வைப்போம் என்று ஒரு டப்பா மெழுகையும் ஒரு டப்பா காம்பவுண்டையும் அவர் முன்னால் பலகையில் வைத்தேன். இரண்டும் ஒரே அளவு. எழுத்து மட்டும் வேறு, அதுவும் கொட்டை கொட்டையான எழுத்து, அவரைப் பார்த்தபடி இருந்தது. எங்கள் கடை உள்ளே கொஞ்சம் இருட்டுதான், ஆனாலும் படிக்க முடியாத இருட்டு இல்லை.

ஏழுமலை ஒரு டப்பாவின் மூடியைத் திறந்து, விரலால் துளி எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. மூடிவிட்டு மற்றதைத் திறந்தார். நறநறத்தது. "இதான்" என்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சீட்டைப் படித்து என்னைக் கேலி செய்கிற மனிதர் அதன் மேல் கண்ணை வைக்கவே இல்லை.

இடுக்கில் அப்பியிருந்த வெள்ளை மெழுகு ஏன் மிச்சமிருந்தது என்பது அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது. கூடவே, அந்தக் காரின் பின்சீட்டில் தினமும் யார் உட்கார்ந்து போகிறார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பலகைக்கு அந்தப் பக்கம் மாமி, இந்தப் பக்கம் மிஷினைக் கையில் ஏந்திய அண்ணாச்சி. இரண்டு பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். ஏழுமலை பக்கத்தில் நிற்கிறார். என்னிடம் இருப்பது ஒரு சந்தேகம். நான் நினைத்தது தப்பாக இருந்தால், கடை நடுவில் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தவன் ஆவேன். சரியாக இருந்து நான் பேசாமல் மிஷினை விற்றால், கண் தெரியாதவர் கையில் அதைக் கொடுப்பேன். மிஷின் போகட்டும், கார் சாவியும் அவர் கையில்தான் இருக்கும். வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார் என்பதற்காக உடனே பதில் சொல்லிவிட வேண்டும் என்று உங்களுக்கு இப்போது சொல்லித் தருகிறார்களாம். அதை நம்பாதீர்கள். சில கேள்விகளுக்குக் கவுண்டரில் பதில் கிடையாது.

"மாமி, பெயிண்ட் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்காம மிஷின் குடுக்கக் கூடாது. இன்னைக்கு மத்தியானமே வீட்டுக்கு வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அது பொய்யும் இல்லை. அண்ணாச்சி என்னை முறைத்த முறைப்பில் மிஷினே பொசுங்கியிருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டைக்கூடச் சரியாகச் சாப்பிடாமல் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றாகிவிட்டது. வீடு மாட வீதிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. வீட்டை ஒட்டி ஓடு போட்ட கார் ஷெட். வாசல் பக்கம் மட்டும் வெளிச்சம், உள்ளே போகப்போக நிழல். ஏழுமலை ஒரு பக்கம் முழுக்க மெழுகு பூசிவிட்டு அது காய்வதற்காகக் காத்திருந்தார். என் குரலைக் கேட்டதும், "வா நைனா, மெய்யாலுமே வந்துட்டியே" என்றார்.

நான் பானெட்டின் நடுமுதுகைத் தடவினேன். அந்த மேடு நெடுகிலும் கறுப்பு போய்ச் சிவப்பு பிரைமர் கோடாகத் தெரிந்தது.

"இங்க பெயிண்ட் போயிடுச்சேண்ணே."

"எங்க?" என்று வந்து தடவிப் பார்த்தார். விரலுக்கு அது வழவழப்பாகத்தான் இருந்திருக்கும். "நல்லாத்தான கீது" என்றார்.

"இப்ப உங்க கைக்குக் கீழ என்ன கலர் இருக்குண்ணே?"

அவர் கையை எடுக்கவில்லை. தெருவில் ஒரு தயிர்க்காரி கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் ஓய்ந்த பிறகு சொன்னார்.

"புகை மாரி கீது நைனா. வெயில்ல கொஞ்சம் தெர்து. நெழலுக்கு வந்தா ஒண்ணும் தெர்ல. ஒரு வருசமா இப்டித்தான். கண்ணாசுபத்திரில காட்டுனேன். உள்ள நரம்பு பட்டுப்போச்சாம். போனது போனதுதான், இனிமே வராதுன்ட்டாங்க."

"வீட்ல தெரியுமா?"

"இன்னான்னு சொல்றது? கண்ணு தெரியாத டிரைவர எவன் வச்சுக்குவான்? எனக்கு வண்டிய வுட்டா வேற இன்னா தெரியும்? அதான் தேச்சிகினே கெடக்கேன். வண்டி பளபளன்னு இருந்தா டிரைவர எவனும் பாக்க மாட்டான் நைனா."

நாற்பது வருடம் இந்தச் சாமான்களை விற்றிருக்கிறேன். பளபளப்பைப் பற்றி இதைவிட உண்மையான பேச்சை நான் கேட்டதில்லை, இதைவிடத் துக்கமான பேச்சையும் கேட்டதில்லை. அந்த மனிதர் காம்பவுண்டால் காரைத் தேய்க்கவில்லை. தன் கண்ணை அடுத்தவர் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டிருந்தார்.

"குழந்தை உக்காந்து போற வண்டிண்ணே" என்றேன்.

"தெரியாமயா கீறேன்? இந்த ரோட்ல எங்க பள்ளம், எங்க மேடு, எல்லாம் காலுக்குத் தெரியும். மாட்டு வண்டி வேகத்துலதான் போறேன். பாப்பா எனக்கு உசுரு நைனா. இன்னும் கொஞ்ச நாள்ல பள்ளிக்கூடம் லீவு வுட்டுடுவாங்க. லீவு வுட்டதும் ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டு நானே மருவாதியா நின்னுக்கறேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத. உன்னக் கையெடுத்துக் கும்புடறேன்."

மெழுகு படிந்த இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். வயதில் என்னைவிட எவ்வளவோ பெரியவர். சரி என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. கொஞ்ச நாள்தானே, இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று மனசு அவருக்காக வக்கீலாகப் பேசியது. ஆனால் அந்தக் கொஞ்ச நாளும் அந்தக் குழந்தை பின்சீட்டில் உட்கார்ந்து போகும். இது ஏழுமலை கேட்டு நான் கொடுக்கக்கூடிய சாமான் இல்லை.

"நாளைக்கு நீங்க வண்டி எடுக்கக் கூடாதுண்ணே. நீங்களே சொல்லிடுங்க, உங்க வாயால சொன்னாத்தான் கௌரவம். நான் பக்கத்துல நிக்கறேன்."

அவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். "சரி, நானே சொல்லிக்கறேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து மாமி இரண்டு டம்ளரில் காபியோடு வந்தார். "என்னப்பா, பாத்தாச்சா? எந்த மிஷின் ஒத்துவரும்?" என்றார்.

"அம்மா, மிஷின்லாம் வாணாம். நான் வேலைய வுட்டு நின்னுக்கறேன். கை காலு முன்ன மாரி இல்ல" என்றார் ஏழுமலை.

மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் வந்து ஏதோ சொல்லி அவர் மனதைக் கெடுத்துவிட்டதாக நினைத்திருப்பார். "என்ன திடீர்னு இப்படிச் சொல்றேள்? சார் கேம்ப்லேர்ந்து வரட்டும், நிதானமாப் பேசிக்கலாம். இப்போ ஸ்கூல் விடற நேரம் ஆயிடுத்து, குழந்தை காத்துண்டு நிப்பா. போய் அவளை அழைச்சுண்டு வந்துடுங்கோ" என்றார்.

ஏழுமலை மாட்டேன் என்று சொல்வார், காரணத்தையும் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கை சட்டைப் பைக்குப் போய்ச் சாவியை எடுத்தது. அதை வஞ்சகம் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். வீட்டு எஜமானி சொன்னதும் சாவியை எடுத்துப் பழகின கை அது. ஆனால் சாவி வெளியே வந்துவிட்டது, அவரும் காரைத் தடவிக்கொண்டு டிரைவர் கதவுப் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டார். அவராகச் சொல்லட்டும் என்று காத்திருக்க இனிமேல் நேரம் இல்லை.

"மாமி, அவர் வண்டி எடுக்க வேண்டாம். அவருக்குக் கண் தெரியல" என்றேன்.

மாமி டம்ளர்களைக் கீழே வைத்தார். "என்ன சொல்றான் இவன்?" என்று ஏழுமலையைக் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருசமாம்மா."

"ஒரு வருஷமா குழந்தையை வெச்சுண்டு ஓட்டினியா நீ?"

அதுவரை அவரை மரியாதையாகவே பேசிய மாமி நீ என்று அழைத்து அப்போதுதான் கேட்டேன். ஏழுமலை ஏதோ சொல்ல வந்தார். "பாப்பா மேல சத்தியமா" என்று ஆரம்பித்தார்.

"குழந்தை பேரை எடுக்காதே" என்றார் மாமி. குரலை உயர்த்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் கதவைக்கூடச் சாத்தாமல், பள்ளிக்கூடத்துப் பக்கம் வேகமாக நடந்து போய்விட்டார்.

ஷெட்டில் நாங்கள் இருவரும் நின்றோம். என்னைத் திட்டுவார், இரண்டு அடி வைப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் சாவியை பானெட்டின் மேல் வைத்துவிட்டுத் துணியை எடுத்தார்.

"மெழுகு காஞ்சிபோயிருக்கும். அப்டியே வுட்டுட்டுப் போனா நாளைக்கு வர்ற டிரைவரு காறித் துப்புவான். எங்க எங்க பாக்கி கீதுன்னு சொல்லு" என்றார்.

நான் சொல்லச் சொல்ல அவர் துடைத்தார். கைப்பிடிக்குக் கீழே. இல்லை, இன்னும் இந்தப் பக்கம். ரப்பர் ஓரம். பெயர் எழுத்துக்கு நடுவில். இடுக்குகளுக்கு மல் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, நான் காட்டிய இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, மூச்சுவிட்டுத் துடைத்தார். ஒரு வருடமாகச் சேர்ந்திருந்த வெள்ளையெல்லாம் போயிற்று. நடுவில் ஒரே ஒரு தடவை, "நீ சொல்லாம இருந்திருக்கலாம் நைனா" என்றார். கண்ணாடி ஓரத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி என்றேன்.

செய்தது சரியா என்று நீங்கள் கேட்பீர்கள். சரிதான். நாளைக்கு இன்னொரு ஏழுமலை வந்து நின்றாலும் அதையேதான் செய்வேன், நீங்களும் அதையேதான் செய்ய வேண்டும். சரியானதைச் செய்தால் மனசு லேசாகிவிடும் என்று சொல்கிறார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். எனக்கு லேசாகவில்லை. அன்று சாயங்காலம் கடைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னபோது அண்ணாச்சி மிஷினைத் துடைத்துத் திரும்பக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். "அந்த ஆளு இனி எங்கடே போவான்?" என்று மட்டும் கேட்டார்.

மாமி பிறகு ஒரு தடவை புது டிரைவரோடு வந்து ஃபிளானல் துணி வாங்கிப் போனார். நன்றி என்றும் சொல்லவில்லை, கோபமாகவும் பேசவில்லை. ஏழுமலை கடைக்கு வரவே இல்லை. சில மாதங்கள் கழித்து ஆற்றங்கரைப் பக்கம் போய்த் தேடினேன். அங்கே இருந்த குடிசைகளில் பாதியைக் காலி செய்து ஜனங்களை ஊருக்கு வெளியே அனுப்பியிருந்தார்கள். டிரைவர் ஏழுமலை எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அவரை நான் கடைசியாகப் பார்த்ததைச் சொல்லி முடிக்கிறேன். நாங்கள் துடைத்து முடிக்கும்போது மாமி குழந்தையோடு திரும்பி வந்தார். ரிக்‌ஷா கிடைக்காமல் வெயிலில் நடந்தே வந்திருந்தார்கள். குழந்தை அவர் கையை உதறிக்கொண்டு நேராக ஷெட்டுக்குள் ஓடி வந்தாள்.

"ஏழுமலை, நீ ஏன் வரலை? அம்மா நடத்தியே அழைச்சுண்டு வந்துட்டா."

"வண்டிக்கு ஒடம்பு சரியில்ல பாப்பா. அதான் வர்ல" என்றார்.

குழந்தை காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். கதவில் தெரிந்த தன் முகத்துக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

"பொய் சொல்றே. நன்னாத்தானே இருக்கு, பளபளன்னு."

ஏழுமலை சிரிக்கப் பார்த்தார். தினமும் செய்கிற மாதிரி, அவளுடைய புத்தகப் பையை வாங்கிக்கொள்வதற்காகக் கையை நீட்டினார். அதற்குள் மாமி வந்து பையைத் தானே எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் குழந்தையை உள்ளே கூட்டிப் போய்விட்டார். நீட்டிய கை நிழலில் அப்படியே நின்றது.

"பாப்பா, பையக் குடு" என்றார்.

"அவங்க உள்ள போயிட்டாங்கண்ணே" என்றேன்.